திருமுழுக்குக்குப் பின்னும் அந்நியரா?



நம் பங்கு அலுவலகங்களில் ஒரு பழைய அலமாரி இருக்கும். அதைத் திறந்தால் திருமுழுக்குப் பதிவேடுகள் வரிசையாக நிற்கும். திருமண ஓலை வாசிக்கும் காலம் வந்தால் யாராவது ஒருவர் வந்து, "சாமி, ஞானஸ்நான சான்றிதழ் வேணும்" என்பார். நாமும் பக்கங்களைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்து, முத்திரை போட்டு அனுப்புகிறோம். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தை, ஞானத்தாய், ஞானத்தகப்பன். ஒருவர் கடவுளின் பிள்ளையானார் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

1930-களில் ஜெர்மனியில் பங்கு அலுவலகங்களின் வாசலில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். அவர்களும் இதே சான்றிதழைத்தான் கேட்டார்கள். தமக்கு ஒன்று, தாய் தந்தைக்கு, பிறகு தாத்தா பாட்டி நால்வருக்கும். மொத்தம் ஏழு பேருடைய பிறப்பு அல்லது திருமுழுக்குச் சான்றிதழ்கள். எதற்காக? தங்கள் உடலில் யூத இரத்தம் இல்லை என்று ஹிட்லரின் அரசுக்குக் காட்டுவதற்காக. மனிதரை ஒன்றாக்கும் அருள்சாதனத்தின் பதிவேடு, மனிதரைப் பிரிக்கும் ஆவணமாக மாறியது.

இது எப்படி நடந்தது? ஆகஸ்டு 9-ஆம் நாள் நாம் புனித சிலுவையின் தெரேசா பெனடிக்தாவை நினைவுகூர்கிறோம். எடித் ஸ்டெயின் என்பது அவருடைய இயற்பெயர். அவருடைய வாழ்வையும் சாவையும் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முந்திய ஸ்பெயின் நாட்டுக்கு நாம் போக வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'இனம்' என்பதைத் தமிழில் பல பொருளில் சொல்கிறோம். இன்று நாம் பேசப்போவது ஒரே பொருளில்தான்: மனிதருடைய குணமும் மதிப்பும் பிறப்பிலேயே இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, அதை எதனாலும் மாற்ற முடியாது என்ற எண்ணம்.

'இவர் நம்மவர் அல்ல' என்று உணர்வது உலகத்தில் எல்லா மக்களிடமும் உண்டு. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, வழிபாடு வேறு என்றால் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். அதனால் மட்டும் ஒருவர் பாவியாகிவிடுவதில்லை. பழைய ஏற்பாட்டுச் சட்டம் அந்நியரைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது. அவரை ஒடுக்காதே, அன்பு செய், நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தவன்தான் என்று நினைவூட்டுகிறது. அந்த அந்நியர் உள்ளே வரலாம். மோவாபு நாட்டுப் பெண் ரூத்து வந்தார். தாவீது அரசரின் கொள்ளுப்பாட்டி ஆனார். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையிலேயே அவர் பெயர் இருக்கிறது. அந்நியருக்கு முன்னால் ஒரு கதவு இருந்தது.

அந்தக் கதவு மூடப்பட்ட வரலாற்றைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

1391-இல் ஸ்பெயினின் செவில் நகரில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக மக்களைத் தூண்டிவிட்டவர் நம் திரு அவையின் மறையுரையாளர் ஒருவர், எசிஹா என்னும் ஊரின் தலைமைத் திருத்தொண்டர் பெர்ரான் மார்த்தினெஸ். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கலவரம் ஊர் ஊராகப் பரவியது. ஆயிரக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதைவிட அதிகமானோர் உயிருக்குப் பயந்து திருமுழுக்குப் பெற்றார்கள். இவர்களுக்கும் இவர்கள் பிள்ளைகளுக்கும் 'கொன்வெர்சோ', அதாவது மதம் மாறியவர் என்று பெயர். 'புதுக் கிறிஸ்தவர்' என்றும் சொன்னார்கள்.

அச்சத்தில் வந்தவர்களானாலும், இரண்டு தலைமுறைக்குள் அவர்களில் பலர் உண்மையான கிறிஸ்தவர்களாக வேரூன்றினார்கள். நகர மன்றங்களில் அமர்ந்தார்கள். வரி வசூல், எழுத்து வேலை, மருத்துவம் எல்லாவற்றிலும் முன்னுக்கு வந்தார்கள். சிலர் குருக்களானார்கள், ஆயர்களும் ஆனார்கள். யூதராயிருந்தபோது எந்தக் கதவுகள் அடைத்திருந்தனவோ அவையெல்லாம் திருமுழுக்கினால் திறந்தன.

பழைய கிறிஸ்தவர்களில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. 1449 ஜனவரியில் தொலேதோ நகரம் அரசுக்கு 10 லட்சம் மரவெதி கடனாகத் தர வேண்டும் என்று ஆணை வந்தது. மரவெதி என்பது அந்நாட்டு நாணயம். ஆணையிட்டது அரசு. மக்களின் கோபமோ அதை வசூலித்த கொன்வெர்சோக்கள்மேல் பாய்ந்தது. அலோன்சோ கோத்தா என்ற வணிகரின் வீட்டைக் கொளுத்தினார்கள். அவ்வாண்டு ஜூன் 5-ஆம் நாள், நகரைக் கைப்பற்றியிருந்த பேரோ சர்மியெந்தோவும் அவருடைய ஆள்களும் ஒரு சட்டம் போட்டார்கள்: யூத வழியில் வந்த எவரும், அவர் கிறிஸ்தவரே ஆனாலும், நகரில் எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். யூதர் தம் தொழுகைக்கூடத்தில் தனியே வழிபட்டபோது, அவரைப் பிரித்துக்காட்ட அவருடைய மதமே போதுமாயிருந்தது. அவர் நம் கோவிலுக்குள் வந்து, நம் விசுவாச அறிக்கையைச் சொல்லி, நம் பக்கத்திலேயே முழந்தாளிட்ட பிறகு அந்த அடையாளம் போய்விட்டது. ஆனால் பதவியில் பங்கு கொடுக்க மனம் இல்லை. ஆகவே கண்ணால் பார்க்க முடியாத, தண்ணீரால் கழுவ முடியாத ஓர் அடையாளம் தேவைப்பட்டது. இரத்தம் என்றார்கள். 'இரத்தத் தூய்மை' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்நியர் தொலைவில் இருந்தபோது பிறந்த எண்ணம் இல்லை இது. அவர் அருகில் வந்து, நமக்குச் சமமாக உட்கார்ந்தபோது பிறந்தது.

திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் இந்தச் சட்டத்தைக் கண்டித்து ஆணை வெளியிட்டார். திருமுழுக்குப் பெற்றவர்களிடையே பிறப்பை வைத்துப் பிரிவினை கூடாது என்பதே அதன் சாரம். புர்கோஸ் நகரின் ஆயர் அலோன்சோ தெ கார்த்தஹேனாவும் கிறிஸ்தவ ஒற்றுமையைக் காத்து ஒரு நூல் எழுதினார். அவருடைய தந்தை யூத ரபியாக இருந்து மனம் மாறி, அதே புர்கோஸுக்கு ஆயராக இருந்தவர். அவர்கள் மறையியலின்படி வாதம் மிக எளிது. திருமுழுக்கு ஒருவரைப் புதுப் படைப்பாக்குகிறது என்று நம்புகிறோமா, இல்லையா? நம்பினால் அவருடைய பாட்டனாரைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும்?

வாதத்தில் வென்றார்கள், நடைமுறையில் தோற்றார்கள். ஐந்தாம் நிக்கோலாஸே 1452-இலும் 1455-இலும் போர்த்துக்கல் அரசருக்கு வேறு ஆணைகள் கொடுத்து, கிறிஸ்தவர் அல்லாத ஆப்பிரிக்க மக்களை அடிமையாக்கவும் இடம் கொடுத்தார். ஓரிடத்தில் தெளிவாகத் தெரிந்த உண்மை இன்னோரிடத்தில் அவருக்கே மறைந்துபோனது. அந்த ஆணைகளின்மேல் எழுப்பப்பட்ட கொள்கையை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்துக் கைவிட்டது 2023-இல்தான்.

ஸ்பெயினில் இரத்தத் தூய்மைச் சட்டங்கள் பெருகின. 1547-இல் தொலேதோ பேராயர் சிலிசெயோ தம் பேராலயத்திலேயே அதைக் கொண்டுவந்தார். இம்முறை உரோமையும் இசைந்தது. கல்லூரிகள், துறவற சபைகள், படைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் சான்று கேட்டன. விசாரணையாளர்கள் ஒருவருடைய சொந்த ஊருக்குப் போய்ச் சாட்சிகளைக் கூப்பிட்டு, அவர் தாத்தா யார், பாட்டி எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள். இரத்தம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஊர்ப்பேச்சே ஆதாரமாயிற்று. சமய விசாரணை மன்றத்திலோ, சனிக்கிழமை சலவைத் துணி உடுத்தினாயா, பன்றிக்கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் சமைத்தாயா என்பவையெல்லாம் ஒருவருடைய உயிருக்கு உலை வைக்கும் கேள்விகளாயின. முஸ்லிம் வழியில் வந்து திருமுழுக்குப் பெற்றிருந்த ஏறத்தாழ 3 லட்சம் பேரை 1609 முதல் 1614 வரை கப்பல் ஏற்றி நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். திருமுழுக்குப் பெற்ற நம் சகோதரர்கள் அவர்கள்.

மொழியும் இதற்கு ஏற்ப மாறியது. 'ராசா' என்ற ஸ்பானியச் சொல்லைக் குதிரை வளர்ப்பவர்கள் வழங்கிவந்தார்கள். உயர்ந்த சாதிக் குதிரை என்று நாம் சொல்வதுபோல. 1611-இல் கோவருபியாஸ் என்பவர் வெளியிட்ட அகராதி அந்தக் குதிரைப் பொருளைச் சொல்லிவிட்டு, மனிதரின் வம்சத்தைக் குறித்துச் சொன்னால் அது கெட்ட பொருளில் வரும், யூத அல்லது மூரிய வழி கலந்திருப்பதைக் குறிக்கும் என்று விளக்குகிறது. ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்று வழங்கும் சொல் இந்தச் சொல்லுக்கு உறவு. மனிதரைக் கொட்டிலில் நிற்கும் விலங்குபோலப் பார்த்த பார்வை அச்சொல்லின் ஆரம்பத்திலேயே இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் யாரை வெளியே தள்ளின என்று பாருங்கள். அவிலா நகர் புனித தெரேசாவின் தாத்தா ஒரு கொன்வெர்சோ. 1485-இல் தொலேதோவில் அவர் விசாரணைக்கு உள்ளாகி, அவமானச் சட்டை அணிந்து கோவில் கோவிலாக நடந்து தண்டனை நிறைவேற்றியவர். பிறகு குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த வீட்டில் பிறந்த பேத்திதான் பின்னாளில் திரு அவையின் மறைவல்லுநர். மறைவல்லுநர் புனித அவிலா யோவானும் அதே வழியில் வந்தவர். இயேசு சபையின் இரண்டாம் தலைவர் லாயினெஸும் அப்படியே. புனித இஞ்ஞாசியார், இயேசுவுக்கும் மரியாவுக்கும் இரத்த உறவினராயிருப்பது தமக்குக் கிடைத்தால் அதைப் பேறாகவே கருதுவேன் என்று சொன்னதாக அவருடைய தோழர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தொடங்கிய சபையே 1593-இல் யூத, முஸ்லிம் வழியினரைச் சேர்ப்பதில்லை என்று தடை போட்டது. 1608-இல் சற்றுத் தளர்த்தியது. முற்றிலும் நீக்கியது 1946-இல்.

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாக உறவுள்ள ஒருவர் இருக்கிறார். போர்த்துக்கல் நாட்டின் வில விசோசாவில் 1520-இல் பிறந்த என்ரிக்கே என்ரீக்கஸ். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வழியில் வந்தவர் என்ற காரணத்தால் அங்கே தொடர முடியாமல் வெளியேற வேண்டியதாயிற்று. அந்தத் தடை வருவதற்கு முன்பே இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியா வந்தார். புனித சவேரியார் நடந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் உழைத்தார். தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கையில் இருக்கும் நூல்களில் மிகப் பழையது அதுவே. 1586-இல் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

ஒரு சபை இரத்தம் சரியில்லை என்று அனுப்பிய மனிதரின் கையால் தமிழ் அச்சேறியது. நாம் கோவிலில் கையில் எடுக்கும் ஒவ்வொரு செபப் புத்தகத்திற்கும் அவரே முன்னோடி.

அதே போர்த்துக்கீசியர் நம் நாட்டில் இறங்கியபோது, இங்கிருந்த சமூகப் பிரிவுகளைப் பார்த்தார்கள். அவற்றைக் குறிக்க 'காஸ்தா' என்றார்கள். அவர்கள் ஊரில் வம்சம், குலம் என்று பொருள்படும் சொல் அது. ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. சாதியைப் போர்த்துக்கீசியர் உண்டாக்கவில்லை. அது அவர்களுக்கு மிக முந்தியது. சாதியும் இனமும் ஒன்றே என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் இதற்குப் பெயர் தேட அவர்கள் தொலைவில் போக வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பின் 18-ஆம் நூற்றாண்டில் அறிவியலின் பெயரும் இதில் சேர்ந்துகொண்டது. அப்போது ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்கும் கடல் வாணிபம் உச்சத்தில் இருந்தது. ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் மனிதரை நான்காகப் பிரித்து, தோல் நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதினார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர் என்றும், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கில் நடப்போர் என்றும் வகுத்தார். செடிகொடிகளைப் பிரித்த அதே பட்டியலில் மனிதரின் நடத்தையும் ஏறியது. தொலேதோவில் ஊர்ப்பேச்சு செய்த வேலையை இங்கே அறிஞரின் பட்டியல் செய்தது. இன்று மரபணு ஆய்வு நமக்குச் சொல்வது: எந்த இரு மனிதரை எடுத்தாலும் அவர்கள் மரபணுத் தொடர் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே. மீதமுள்ள சிறு வேறுபாட்டிலும் பெரும்பங்கு ஒரே மக்களுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது எடித் ஸ்டெயினுக்கு வருவோம். 1891-இல் பிரெஸ்லாவ் நகரில் பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மெய்யியலில் முனைவர். இளமையில் கடவுள் நம்பிக்கையை விட்டிருந்தவர். 1921 கோடையில் தோழி ஒருவரின் வீட்டில் அவர் கையில் அகப்பட்ட புத்தகம் அவிலா தெரேசாவின் தன்வரலாறு. அதை வாசித்ததும் அவர் வாழ்வு திரும்பியது. 1922 ஜனவரி 1-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். 1933-இல் கொலோன் நகரில் கார்மேல் மடத்தில் நுழைந்தார். 1485-இல் அவமானச் சட்டையோடு நடந்த மனிதரின் பேத்தி எழுதிய புத்தகம், யூதப் பெண் ஒருவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்தது.

1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதரானால் பேரப்பிள்ளை யூதர். அவர் திருமுழுக்குப் பெற்றவரா, துறவியா என்பது கணக்கில் இல்லை. இதில் வேடிக்கையான கொடுமை ஒன்று உண்டு. இரத்தம் என்று முழங்கினார்களே, அதைக் காட்ட ஆய்வுக்கூடம் எதுவும் அவர்களுக்கு உதவவில்லை. அந்தத் தாத்தாவும் பாட்டியும் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே சான்று. அதனால்தான் பங்கு அலுவலகங்களில் கூட்டம்.

அருள்சகோதரி தெரேசா பெனடிக்தா 1938-இன் இறுதியில் ஹாலந்தின் எக்ட் மடத்துக்கு அனுப்பப்பட்டார். 1942 ஜூலை 26 ஞாயிறன்று ஹாலந்து ஆயர்கள், யூதர்களை நாடுகடத்துவதைக் கண்டித்து எழுதிய மடலை எல்லாக் கோவில்களிலும் வாசிக்கச் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க ஆகஸ்டு 2-ஆம் நாள் யூத வழியில் வந்த கத்தோலிக்கர்களைக் கைது செய்தார்கள். அவரையும் அவருடைய அக்கா ரோசாவையும் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு 9 அன்று ஆஷ்விட்ஸில் நச்சுவாயு அறையில் இறந்தார்கள். 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

திருமுழுக்குப் பெற்ற யூதர்களுக்காக மட்டும் நாம் வருந்தினால் அது போதாது. அன்று கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்களே. அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் திரு அவையின் பிள்ளைகளான நம்மிடம் இந்த வரலாறு தனியாக ஒரு கேள்வி கேட்கிறது. நாம் கொடுக்கும் திருமுழுக்கை நாமே நம்புகிறோமா?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து உட்கார இரண்டு பகுதிகள் அமைந்து, இடையில் சுவர் நின்றது. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, சுவர் மட்டும் நடுவில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது கோவில் மக்களில் ஒரு பகுதியினரே வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்ப எழவில்லை. கல்லறைத் தோட்டங்களில் மட்டும் சில ஊர்களில் இன்னும் நிற்கிறது. ஞாயிறு இதழின் மணமகள் தேவை விளம்பரத்தில் 'கத்தோலிக்கர்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. தொலேதோவின் விசாரணையாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்ட அதே கேள்வியைப் பெண் பார்க்கப் போகும் முன் நாமும் ஊரில் விசாரிக்கிறோம்.

பேதுரு கொர்னேலியுவின் வீட்டு வாசலில் நின்றதை நினைத்துப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் 10-ஆம் அதிகாரம். பிற இனத்தார் வீட்டுக்குள் போவது முறையல்ல என்று வளர்ந்தவர் அவர். தூய ஆவியார் அந்த வீட்டார்மேல் இறங்கியதைக் கண்டதும், தண்ணீரைத் தடுக்கத் தமக்கு என்ன உரிமை என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. அவர்களோடு சில நாள்கள் தங்கவும் செய்தார். தங்கினார் என்றால் அவர்கள் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டார் என்று பொருள். எருசலேமில் அவரைக் குறை சொன்னவர்களும் முதலில் பேசியது அவர் உட்கார்ந்து உண்டதைப் பற்றித்தான்.

ஆகவே இந்த வாரம் நம் வீட்டில் ஒரு காரியம் செய்வோம். பிள்ளைகளுக்கு எடித் ஸ்டெயினின் கதையையும் அண்டிரிக் அடிகளாரின் கதையையும் சொல்வோம். நம் கோவிலில் பக்கத்தில் அமர்ந்தும் நம் வீட்டுப் பந்தியில் இதுவரை அமராத ஒரு குடும்பம் இருந்தால், அவர்களை அழைப்போம். அழைப்பு வந்தால் மறுக்காமல் போவோம்.

எல்லா மக்களையும் ஒரே மனிதரிலிருந்து உண்டாக்கிய இறைவா, உம் பிள்ளைகளை நாங்கள் இரத்தத்தால் எடைபோட்ட பாவத்தை மன்னித்தருளும். புனித சிலுவையின் தெரேசா பெனடிக்தாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.